சிங்கத்தின் காலடியில் ஒரு கோடு

புளியை எடுத்தவள் மாரிச்செல்விதான். யாரும் அவளை எடுக்கச் சொல்லவில்லை.

வெள்ளிக்கிழமை பள்ளியில் கண்காட்சி. மாரிச்செல்வியும் அவள் தோழி லாமியாவும் கிழக்கிந்தியக் கம்பெனிக் காலத்துச் செம்புக் காசுகளை வைக்கப் போகிறார்கள். மாரிச்செல்வியின் டப்பாவில் ஏழு காசுகள். எல்லாம் அய்யா வயலை உழுதபோது கிடைத்தவை. லாமியாவிடம் இருந்தது ஒன்றே ஒன்று. பழைய பாத்திரங்களை எடைக்கு வாங்கும் அவள் வாப்பாவின் கடையில் கிடைத்தது.

"அட்டையில ஓட்டை போட அளவு பாத்துக்க. பத்திரம்டி. இது மாதிரி வேற எங்கயும் இல்ல" என்று புதன்கிழமை அதைக் கொடுத்தாள் லாமியா.

"ஏன்?"

"கண்காட்சியில சொல்லுவேன்."

காசின் ஒரு பக்கத்தில் இரண்டு சிங்கங்கள் கேடயத்தைப் பிடித்து நின்றன. கீழே 1803. இடப்பக்கச் சிங்கத்தின் காலிலிருந்து விளிம்பு வரை ஒரு மெல்லிய கோடு ஓடியது.

'ஐயோ, கீறல் விழுந்திருக்கே' என்று வருந்தினாள் மாரிச்செல்வி.

வியாழக்கிழமை சாயங்காலம் அம்மா புளி போட்டு விளக்குகளைத் தேய்த்துக்கொண்டிருந்தார். விளக்குகள் பளபளத்தன. மிச்சப் புளியில் கொஞ்சம் உப்பைச் சேர்த்து, லாமியாவின் காசைத் தேய்த்தாள் மாரிச்செல்வி.

கரும்பழுப்பு நிறம் போய், காசு அவித்த இறால் போலச் சிவந்தது. கோடு மட்டும் போகவில்லை. தேங்காய் நாரால் அழுத்தித் தேய்த்தாள். அப்போதும் போகவில்லை. நகத்தால் தடவிப் பார்த்தாள். கீறல் என்றால் நகம் உள்ளே இறங்க வேண்டும். இதுவோ வரப்பில் ஏறுவது போல மேலே ஏறியது.

அந்த நேரம் பார்த்து வாசலில் சைக்கிள் மணி அடித்தது.

"எங்கடி என் காசு?" என்றாள் லாமியா.

மாரிச்செல்விக்கு ஒரு கணம் டப்பாவின் நினைவு வந்தது. அதிலிருந்து ஒன்றை எடுத்து நீட்டிவிடலாம். ஆனால் ஈரக்கையைத்தான் நீட்டினாள்.

லாமியா காசைப் பார்த்தாள். வெகுநேரம் பார்த்தாள். முற்றத்துக் கோழி இரண்டு முறை அவர்களைச் சுற்றி வந்துவிட்டது.

"இருநூறு வருசத்து நிறம். எப்படிப் போச்சு?"

"புளி."

"புளியா?"

"கொஞ்சம் உப்பும்."

லாமியா காசைத் திருப்பி மறுபக்கத்தையும் பார்த்தாள். "காசு சேக்குறவங்க யாரும் தேய்ச்ச காச மதிக்க மாட்டாங்கடி."

"அந்தக் கோடு போகட்டும்னுதான் தேய்ச்சேன்."

"அந்தக் கோடுதான்டி அபூர்வம். காசு அடிக்கிற அச்சுல விரிசல் விட்டிருக்கு. விரிசலுக்குள்ள செம்பு புகுந்து மேடா நிக்குது."

இருவரும் படியில் உட்கார்ந்தார்கள். பேசவில்லை. விளக்குகளை எடுத்துக்கொண்டு போன அம்மா நின்று பார்த்தார்.

"என்ன, ரெண்டு பேரும் வாயிலயும் புளிய வச்சிருக்கீகளா?"

யாரும் சிரிக்கவில்லை.

'மேடு' என்ற சொல் மட்டும் மாரிச்செல்விக்குள் சுற்றிக்கொண்டே இருந்தது. சட்டென்று எழுந்து போய் டப்பாவை எடுத்து வந்தாள். கண்ணை மூடிக்கொண்டு, ஒவ்வொரு காசிலும் சிங்கத்தின் காலடியில் நகத்தை ஓட்டினாள். ஒன்று, இரண்டு, மூன்று... ஐந்தாவது வரை ஒன்றுமில்லை. ஆறாவதில் நகம் வரப்பு ஏறியது.

"லாமியா, இங்கன பாரு."

அழுக்கேறிய காசு. அதே இடத்தில் கோடு. ஆனால் பாதி தூரத்திலேயே நின்றுவிட்டது.

லாமியா இரண்டையும் வெயிலில் பிடித்தாள். அவள் குரல் மாறியது. "ஒரே அச்சுடி! உன்னோடத அடிக்கும்போது விரிசல் சின்னது. என்னோடத அடிக்கும்போது வளந்து ஓரம் வரைக்கும் போயிருச்சு."

"அப்ப இத நீயே வச்சுக்க. உன்னோடத நான் கெடுத்துட்டேன்ல."

லாமியா இரண்டு காசுகளையும் படியில் அருகருகே வைத்தாள். "வேணாம். தனியா இருந்தா வெறும் கோடு. ரெண்டும் பக்கத்துல இருந்தாத்தான் விரிசல் வளந்தது தெரியும்."

மறுநாள் அட்டையின் நடுவில் இரண்டு காசுகளும் அருகருகே இருந்தன. 'ஒரே அச்சு. முன்பு, பின்பு' என்று மேலே எழுதியிருந்தாள் லாமியா. பளபளத்த காசின் கீழே மாரிச்செல்வி பொடி எழுத்தில் ஒரு வரி சேர்த்திருந்தாள்: 'இது புளி போட்டுத் தேய்த்த காசு. தேய்த்தவள் வருந்துகிறாள்.'

வந்தவர்கள் எல்லோரும் குனிந்து அந்த வரியைத்தான் படித்துச் சிரித்தார்கள். லாமியாவும் மூன்று முறை படித்தாள். மூன்றாவது முறை அவளுக்கும் சிரிப்பு வந்துவிட்டது.