பாதி கறுத்த கோட்டு

ஆடைத் தொழிற்சாலை முதலாளி வணக்கம்கூடச் சொல்லவில்லை. உள்ளே வந்ததும் மேசைமேல் ஒரு மெரூன் வெல்வெட் கோட்டைப் போட்டார். இடது பாதி கருகருவென்று இருந்தது. வலது பாதி பலமுறை துவைத்ததுபோல் வெளுத்திருந்தது.

"அத்தனை கோட்டும் இப்படித்தான் சார். எங்க கட்டிங் மாஸ்டர் பாதித் துணியை வித்துட்டு மட்டத் துணியைக் கலந்துட்டான். வேற யாருமில்ல, என் மச்சான்தான். எல்லார் முன்னாடியும் திருடன்னு சொல்லி அனுப்பிட்டேன். ஆதாரம் கண்டுபிடிச்சுக் குடுங்க, போலீசுக்குப் போறேன்."

"வீட்டுல என்ன சொல்றாங்க?" என்று கேட்டார் நிதானம். துப்பறிவாளருக்கு ஊர் வைத்த பெயர் அது. உதவியாளனுக்கு வைத்த பெயர் அவசரம்.

"அவன் அக்கா என்கிட்ட பேசறதில்ல. சோறு மட்டும் வருது. தட்டு வைக்கற சத்தத்துலயே எல்லாம் புரிஞ்சுடுது."

அதற்குள் அவசரம் ஒரு தையலைப் பிரித்திருந்தான். "ரெண்டு பக்கமும் ஒரே நூல்! தையல்காரங்க நிரபராதி!"

"அவங்களை யாருமே சொல்லலயே" என்றார் நிதானம்.

தொழிற்சாலையின் வெட்டும் அறையில் ஒரு நீள மேசை இருந்தது; அதன் ஓரத்தில் ஓர் ஆள் வெட்டும் மெஷினைத் துடைத்துக்கொண்டிருந்தார். முதலாளி அலமாரியில் இருந்த வெல்வெட் உருளையைத் தட்டிக் காட்டினார். "இதுவரைக்கும் பருத்திச் சட்டைதான் தைச்சோம். வெல்வெட் இதுதான் முதல் தடவை. அதுலயே எவ்வளவு மிச்சம் பாருங்க."

வரவழைக்கப்பட்ட மச்சான் வாசலோடு நின்றுகொண்டார்.

"கோட்டோட எல்லா பேட்டர்ன் அட்டையையும் துணிமேல நான்தான் சார் அடுக்கினேன். பொண்ணுக்குப் பல்வலின்னு டாக்டர்கிட்ட போயிட்டு வந்தேன். அதுக்குள்ள வெட்டி, கட்டி, தையலுக்கே அனுப்பிட்டாங்க. ஆனா நான் அடுக்கினபடி வெட்டியிருந்தா துணி மிஞ்சவே மிஞ்சாது."

நிதானம் கோட்டின் கீழ் விளிம்பைப் பிடித்துத் தலைகீழாகத் தொங்கவிட்டார். கறுத்திருந்த பாதி வெளுத்தது. வெளுத்திருந்த பாதி கறுத்தது. அவசரம் தானும் குனிந்து, கால்களுக்கு இடையே தலையை விட்டுப் பார்த்தான்.

"ஒரே துணிதான். வெல்வெட்டுக்குப் பூனை முதுகு மாதிரி ரோமம் இருக்கு. ஒரு பக்கமாப் பார்த்தா மினுங்கும், எதிர்ப் பக்கமாப் பார்த்தா கறுத்துத் தெரியும். அதனால எல்லாத் துண்டும் ஒரே பக்கம் தலை வெச்சுப் படுக்கணும். அப்படி வெட்டினா துணி அதிகம் செலவாகும். யாரோ பாதித் துண்டுங்களைத் திருப்பி இடுக்குல சொருகியிருக்காங்க. பருத்தியில செஞ்சிருந்தா கெட்டிக்காரத்தனம்."

"மாஸ்டர்தான்! மிஞ்சினதை விக்கறதுக்கு!" என்றான் அவசரம்.

"விக்கறவர் அதை எதுக்கு அலமாரியில வெச்சுட்டுப் போறாரு? திருப்பினவருக்குத் திருடற எண்ணமே இல்ல. சிக்கனம் பண்ற எண்ணம்தான். வெல்வெட் தெரியாதவர். மாஸ்டர் அடுக்கினதை அவர் கலைச்சாலும், மெஷின்காரர் ஏன்னு கேக்க முடியாது."

மெஷின்காரர் ஏற்கெனவே பளபளத்த கத்தியை மறுபடி துடைத்தார்.

முதலாளி கூரையைப் பார்த்தார். "சும்மா கொஞ்சம் திருப்பி வெச்சேன் சார். என்ன அழகாப் பொருந்துச்சு தெரியுமா?" பிறகு மச்சான் பக்கம் திரும்பினார். "சரிப்பா, நடந்தது நடந்துபோச்சு. நாளைக்கே வேலைக்கு வந்துடு."

"வரேன் மாமா. எல்லார் முன்னாடியும் திருடன்னு சொன்னீங்க. இதையும் எல்லார் முன்னாடியும் சொல்லிடுங்க."

முதலாளி தையல் கூடத்துக்கு நடந்த நடையிடம், பல் பிடுங்கப் போகிறவர்கூடத் தோற்றுப்போவார். மெஷின் இரைச்சலில் சொல்லிவிட்டுத் தப்பிவிடலாம் என்பது அவர் திட்டம் போலும். அவசரம் தன் வாழ்நாளில் முதல்முறையாகச் சரியான நேரத்தில் சரியான காரியத்தைச் செய்தான். மெயின் சுவிட்சை அணைத்தான்.

வரிசை வரிசையாகத் தலைகள் நிமிர்ந்தன.

"அது வந்து... துணியை யாரும் மாத்தல" என்று முனகினார் முதலாளி. "துண்டைத் திருப்பினது நான்தான். மச்சான் திருடன் இல்ல."

கடைசி வரிசையில் காஜா எடுக்கும் அம்மாள் எழுந்து நின்றார்.

"சத்தமாச் சொல்லுங்க முதலாளி, இங்க கேக்கல!"