ஐந்தாவது முகம்

அன்று காலை பனி நிலையத்திலிருந்து வந்த பேட்ச் ரொம்பச் சின்னதாக இருந்தது. அதுதான் அவளை உறுத்தியது.

வேறு யாராக இருந்தாலும் சந்தோஷப்பட்டிருப்பார்கள். கண்ணுக்கெட்டிய தூரம் வரை ஈ காக்கை இல்லாத பனிவெளியில் இருந்தது அந்த நிலையம். அதற்கும் இந்த அலுவலகத்துக்கும் நடுவே காலையில் பதினொரு நிமிடம், மாலை நாலு மணிக்குப் பதினொரு நிமிடம், அவ்வளவுதான் இணைப்பு. அதுவும் நத்தை வேகம். கதவு, ஹீட்டர், ஆட்கள் விவரம் எல்லாவற்றையும் ஒரே மூட்டையாகக் கட்டிய நிலையத்தின் ஜிப் கோப்பை முழுசாக அனுப்ப மாதக்கணக்காகும். அதனால் நேற்றைய கோப்புக்கும் இன்றைய கோப்புக்கும் உள்ள வித்தியாசத்தை மட்டும் பேட்சாகச் சுருக்கி அனுப்புவார்கள். ஜிப்புக்குள் ஓர் எழுத்து மாறினாலே பின்னால் வருவதெல்லாம் கலைந்துவிடும் என்பதால், இரண்டையும் பிரித்து, உள்ளே இருப்பதை ஒப்பிட்டு, மறுபடி அச்சுப் பிசகாமல் கட்ட வேண்டும். அந்த நிரலை எழுதியவள் அவள்தான். அதில் இரண்டே கட்டளைகள். பழசில் இருப்பதை எடுத்து வை. பழசில் இல்லாததைப் புதிதாகச் சேர்.

நிலையத்தின் வாசல் கதவு முகம் பார்த்துத் திறப்பது. அதற்காக ஆளுக்கு ஒரு படம் கோப்பில் உண்டு. தலைவர், டாக்டர், ரேடியோக்காரர், மெக்கானிக்கான அவள் கணவன். நேற்றுவரை நாலு. இன்று ஐந்து.

புது முகம் ஒன்றுக்கு அறுபதாயிரம் பைட்டாவது ஆகும். வந்திருந்தது முந்நூற்றுப் பன்னிரண்டு.

"சின்னதா வந்தா நல்லதுதானேம்மா?" என்றார் பக்கத்து மேசைக்காரர். ஒரு பைட் வீணானாலும் முகம் சுளிப்பவர். அலுவலகமே அவரைக் கஞ்சன் என்றுதான் கூப்பிடும். "எல்லாருக்கும் மிட்டாய் வாங்கிக் குடு."

"சார், இதுல 'புதுசா சேர்'ங்கிறது ஒண்ணுகூட இல்ல. எல்லாமே எடுத்து வெச்சதுதான்."

படத்தைத் திறந்தாள். ஏசியின் முனகலும், சூடேறிய பிளாஸ்டிக்கின் வாசனையும், ஜன்னல் திரையின் நிழல் மேசைமேல் மெல்ல அசைவதும், எல்லாமே திடீரென்று மிக அருகில் வந்துவிட்டதுபோல இருந்தது. திரையில் ஒரு முகம். தலைவரின் நெற்றி. ரேடியோக்காரரின் மூக்கு. டாக்டரின் வாய். இடது புருவத்தை வெட்டிப் போகும் தழும்போடு, தினமும் விடிந்ததும் அவள் பார்த்துப் பழகிய இரண்டு கண்கள். ஒட்டிய தடம் எங்கேயும் தெரியவில்லை.

நாலு மணிக்கு இணைப்பு வந்ததும் கணவனைக் குரல் அழைப்பில் பிடித்தாள். "என்னங்க, அங்க எத்தனை பேர் இருக்கீங்க?"

"அஞ்சு பேரு. ஏன், எனக்கு எண்ணத் தெரியாதுன்னு நினைச்சியா?" கணவன் சிரித்தான்.

"நாலு பேருதானே போனீங்க?"

"அஞ்சுதான் மா. இன்னொருத்தர்... பேரு நாக்கு நுனியிலேயே நிக்குது. வரமாட்டேங்குது." மறுபடி சிரித்தான். அவன் நிறுத்திய பிறகும், கொஞ்சம் தள்ளி, அதே சிரிப்பு கேட்டுக்கொண்டே இருந்தது.

மறுநாள் காலை வந்த பேட்ச் இன்னும் சின்னது. கோப்பைக் கட்டிப் பிரித்துப் பார்த்தாள். நேற்று ஐந்தாவது முகத்துக்காக நகலெடுத்த இடங்கள் இன்று காலியாகியிருந்தன. டாக்டரின் படத்தில் மூக்குக்குக் கீழே வழவழவென்று வெறும் தோல். கணவனின் படத்தில் நெற்றி இருந்தது. மூக்கு இருந்தது. இடையில் ஒன்றுமில்லை.

கஞ்சனைக் கூப்பிட்டுக் காட்டினாள். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டார். "கோப்பு கெட்டிருக்கும்மா. அவ்வளவுதான்."

எதிர்ப்பக்க பேட்ச் ஒன்றைத் தயார் செய்தாள். ஐந்தாவது படத்திலிருந்து எடுத்து மற்ற நாலுக்கும் திருப்பித் தருவது. ஐந்தை அழிப்பது.

"மேல கேக்காம அனுப்பினா வேலை போயிடும்."

"போகட்டும் சார்."

நாலு மணி. கணவனின் மூச்சுதான் முதலில் கேட்டது. "காலையிலேர்ந்து ஒண்ணுமே தெரியல மா. ஒரே இருட்டு. வலியெல்லாம் இல்ல. டாக்டர்கிட்ட சொன்னேன். அவர் பேசவே மாட்டேங்கிறார். கையைப் பிடிச்சுக்கிட்டு மூக்கால முனகுறார்."

"அப்படியே இருங்க. நகராதீங்க. இதோ அனுப்புறேன்."

அனுப்பினாள். நிலையத்தின் பதில் திரையில் வந்தது: கோப்பு பொருந்தவில்லை.

அங்கே கோப்பு அதற்குள் மாறியிருந்தது. மாறியதைக் கேட்டு வாங்கினாள். புதிதாகக் கணக்கிட்டாள். அனுப்பினாள். பொருந்தவில்லை. ஏழு நிமிடம் போயிருந்தது.

"மா, யாரோ என் முகத்தைத் தடவுறாங்க."

மறுபடி வாங்கினாள். கணக்கிட்டாள். அனுப்பினாள்.

பொருந்தவில்லை.

"என்னங்க? பேசுங்க. ஏதாவது பேசுங்க!"

ஒன்பது நிமிடம். காற்று. மரம் கிறீச்சிடுவதுபோல ஏதோ. பிறகு கணவனின் குரல், ஒவ்வொரு சொல்லுக்கும் இடையே ஒரே அளவு இடைவெளி விட்டு:

"விடு. மா. இப்ப. நல்லா. தெரியுது."

"நீங்கதானே? நீங்கதானே பேசுறது?"

"நல்லா. தெரியுது."

கஞ்சன் நாற்காலியிலிருந்து எழுந்து பின்வாங்கிப் போய்ச் சுவரில் சாய்ந்து நின்றார். அவள் கும்பிட்டாள். யாரை என்று அவளுக்கே தெரியவில்லை. கும்பிட்ட கையாலேயே மறுபடி தட்டினாள்.

இணைப்பு அறுந்தது.

அறுவதற்கு முன் ஒரு பேட்ச் வந்து சேர்ந்திருந்தது. பதினெட்டு பைட். எடுத்து வை, எடுத்து வை. அவ்வளவுதான்.

கட்டினாள். பிரித்தாள். திறந்தாள்.

முதல் நாலு படங்களிலும் முடி இருந்தது. காது இருந்தது. சட்டைக் காலர் இருந்தது. நடுவில் பிசைந்து தட்டிய மாவுபோல் தோல்.

ஐந்தாவது, கதவுக்கு உள்பக்கத்திலிருந்து எடுத்த படம். டாக்டரின் வாய் சிரித்துக்கொண்டிருந்தது. அதற்கு மேலே, அவள் கணவனின் இரண்டு கண்களும் அழுதுகொண்டிருந்தன.