பிடுங்கிய காளான்

போன் அலறியது.

அவள் ஓடிப்போய் எடுத்தாள். ஆஸ்பத்திரி டாக்டர்.

"மன்னிச்சுக்குங்கம்மா... உங்க வீட்டுக்காரர் தவறிட்டார்."

நேற்று எழுந்து உட்கார்ந்து சிரித்தவர்! 'சரியாயிடுச்சு, காட்டுக்குக் கிளம்பணும்' என்றவர். அந்தக் காளான் விஷம் நடுவில் ஒருநாள் பதுங்கும் என்று டாக்டர் சொன்னபோது அவள் நம்பவில்லை.

அவளுக்குக் காளான் ஒத்துக்கொள்ளாது. அவருக்கு மட்டும்தான் சமைப்பாள்.

"என் கையால போட்டேனே..."

அழுதுகொண்டே கிடந்தாள்.

மாலையில் இன்ஸ்பெக்டர் வந்தார். பேசியதெல்லாம் கொழுந்தன்தான்.

"அண்ணி மேல தப்பில்ல சார். விஷக் காளானோட காலுக்கு அடியில வெள்ளையா ஒரு பை இருக்கும். அதை வெச்சுத்தான் கண்டுபிடிக்கணும். அண்ணன் கத்தியால வெட்டித்தான் எடுப்பார். பை மண்ணுக்குள்ளயே நின்னுடுச்சு... பாவம், தெரியல."

"பிடுங்கினா என்ன?"

"மண்ணுக்கடியில நூல் நூலா மரவேரோட பின்னிக் கிடக்குமாம். பிடுங்கினா அறுந்துடும், அடுத்த மழைக்கு முளைக்காதும்பார். நான் பிடுங்குறேன்னு திட்டாத நாளில்ல."

கண்ணைத் துடைத்துக்கொண்டான்.

அவளுக்குப் போன வாரத்துச் சண்டை ஞாபகம் வந்தது. காட்டுக் காளானை மொத்தமாக வாரித் தரச்சொல்லி ஒரு கம்பெனி கேட்டது. அண்ணன் முடியவே முடியாது என்றார். தம்பி கதவை அறைந்து சாத்திவிட்டுப் போனான்.

அவள் எழுந்தாள்.

வாசல் ஆணியில் இரண்டு கூடைகள் தொங்கின. அவருடையது கழுவித் துடைத்தது. கொழுந்தன் கூடையைக் கழுவிய சரித்திரமே கிடையாது.

அதை எடுத்துவந்து, இன்ஸ்பெக்டர் காலடியில் கவிழ்த்தாள்.

மண் உதிர்ந்தது. கூடவே... உடைந்த முட்டை ஓடு மாதிரி, நறுக்கிப் போட்ட இரண்டு வெள்ளைப் பைகள்.

"மண்ணுக்குள்ள நின்னுடுச்சுன்னியே தம்பி... உன் கூடைக்கு எப்படி வந்துச்சு?"



"ஆக, பையைப் பார்த்தே பிடுங்கியிருக்கே," என்றார் இன்ஸ்பெக்டர். "அதை நறுக்கிட்டு மிச்சத்தை அண்ணன் கூடையில கலந்துட்டே. வெட்டுறவர்தானே, பழி அவர் கத்தி மேலயே போயிடும்."

அவன் தலை குனிந்தது.

அவளுக்கு நெஞ்சை அழுத்திய பாரம் இறங்கியது. துக்கம் இறங்கவில்லை. அவர் இல்லைதானே.

ஜீப் வரைக்கும் பின்னாலேயே போனாள்.

"அண்ணன் பேச்சைக் கேட்டு, ஒரே ஒரு தடவை வெட்டி எடுத்திருந்தா... தப்பிச்சிருப்பே தம்பி!"