ஆலைத் தொட்டி மேல் அந்தி வெளிச்சம்

“முடிஞ்சா கண்டுபிடிங்கடா, பார்க்கலாம்!”

வெள்ளிக்கிழமை சாயங்காலம் இன்ஸ்டாகிராமில் ஏற்றிய படத்துக்குக் கீழே ரூபன் எழுதியிருந்தது இவ்வளவுதான். படமா அது! ஒரு ஓரம் கடல், நடுவே சென்னையின் கட்டடங்கள் மொத்தமும் வரிசைகட்டி நிற்க, மேலே வானம் பழுத்த மாம்பழ நிறத்தில் கிடந்தது. அப்படி ஒரு உயரத்திலிருந்து ஊரை யாருமே எடுத்ததில்லை. படம் வந்தது, ரூபன் வீடு வரவில்லை. போனும் அணைந்துவிட்டது.

ரூபன், கபிலன், மதார் மூவரும் கூட்டாளிகள். பாதியில் நின்ற அடுக்குமாடி, மூடிய தியேட்டரின் மொட்டை மாடி, விளம்பரப் பலகை என்று எங்கே ஏணி தெரிந்தாலும் கேமராவை மாட்டிக்கொண்டு ஏறிவிடுவார்கள். இந்த ஒரு இடத்தை மட்டும் ரூபன் கூட்டாளிகளுக்கே சொல்லவில்லை. தனியாக ஏறினான், தனியாகப் பீற்றிக்கொண்டான்.

சனிக்கிழமை காலையிலேயே ரூபனின் அக்கா ஜெசிந்தா கபிலன் வீட்டு வாசலில் வந்து நின்றாள். அப்பா அம்மா இல்லாத வீட்டில், மருந்துக்கடையில் நின்று நின்றே தம்பியை வளர்த்தவள். “கபிலா, படத்தைப் பார்த்தா உனக்கு இடம் தெரியுமில்ல? எனக்கு அவனை விட்டா யாருடா இருக்கா?” என்று அழுதாள்.

“தேடிட்டு இருக்கோம்க்கா. கிடைச்சதும் முதல் போன் உங்களுக்குத்தான்” என்றான் கபிலன். நாக்கூசாமல் சொன்னான்!

ஞாயிறு மதியம் வானம் துடைத்துவிட்ட மாதிரி வெளுத்தது. சாயங்காலம் கபிலன் கயிறும் கேமராவுமாக மதாரின் பைக்கில் ஏறப் போனான். தெருமுனையில் ஸ்கூட்டரோடு ஜெசிந்தா!

“நானும் வருவேன். தடுத்தா இங்கேயே கத்தி ஊரைக் கூட்டுவேன்.”

வேறு வழி? அவளும் பின்னாலேயே வந்தாள். பைக் வடக்கே திரும்பியதும் ஒரு சிக்னலில் பக்கத்தில் வந்து கேட்டாள். “போலீஸ் கிண்டிப் பக்கம் தேடுறாங்க. படத்துல கடல் வலது கைப்பக்கம் இருக்கு, அப்போ தெற்கேயிருந்துதான் எடுத்திருக்கணும்னு சொன்னாங்க. நீங்க ஏன் இந்தப் பக்கம் போறீங்க?”

மதாருக்கு வாயில் எதுவும் நிற்காது. “அது திருப்பிப் போட்ட படம்க்கா! கண்ணாடியில பார்க்கிற மாதிரி இடது வலதா மாத்தித்தான் போடுவோம். இல்லாட்டி அடுத்தவன் இடத்தைக் கண்டுபிடிச்சிருவான். எங்க ஆளுங்க எல்லாருக்கும் இது பழக்கம்.”

“இதைப் போலீஸ்ல சொன்னீங்களாடா?”

“சொன்னா கேட்டுக்குப் பூட்டு போட்டுருவாங்கக்கா” என்றான் கபிலன், ரொம்ப நியாயமான விஷயம் பேசுகிறவன் மாதிரி.

கபிலன் கெட்டிக்காரன்தான், அதில் சந்தேகமில்லை. படத்தை மறுபடி திருப்பிப் பார்த்திருக்கிறான். சென்ட்ரல் மணிக்கூண்டுக்கு நேர் பின்னால் மெரினா கலங்கரை விளக்கம் தெரிந்தது. வரைபடத்தில் இரண்டையும் சேர்த்துக் கோடு போட்டு வடக்கே நீட்டினால், வியாசர்பாடி பக்கம் மூடிக் கிடந்த ஒரு பழைய நூல் ஆலையைத் தொட்டது. ஆலைக்குள் கால்களை அகட்டிக்கொண்டு நின்றது ராட்சதத் தண்ணீர்த் தொட்டி!

சுவர் ஏறிக் குதித்தார்கள். முட்புதர் காலைக் கிழித்தது. தொட்டியின் காலோடு ஒட்டிய இரும்பு ஏணியில் கபிலன் முதலில் ஏறினான், பின்னால் மதார், கடைசியில் ஜெசிந்தா. துரு உள்ளங்கையில் உரிந்து வந்தது. பாதி உயரத்தில் ஒரு படி உடைந்து விழ, அவள் கால் அந்தரத்தில் ஆடியது. “ஐயோ மாதாவே!” என்று கம்பியைக் கட்டிக்கொண்டாள். மேலே போனவர்கள் திரும்பியும் பார்க்கவில்லை.

உச்சியில் வட்டமான சிமெண்டுத் தளம், ஓரத்தில் ஆடுகிற கைப்பிடி. அதற்கு அப்பால் ஊர் மொத்தமும் விரிந்து கிடந்தது. “அடிச்சோம்டா மச்சான்!” என்று குதித்தான் கபிலன். தளத்தின் நடுவே, தொட்டிக்குள் இறங்கும் துவாரத்தின் தகர மூடி உடைந்து உள்ளே தொங்கியது. பக்கத்தில் ரூபனின் பை.

ஜெசிந்தா ஓடிப்போய்க் குப்புறப் படுத்து இருட்டுக்குள் கத்தினாள். “ரூபா! டேய் ரூபா!”

துவாரத்தில் காதை வைத்துக் கேட்டாள். பிறகு, கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல் ஒரு முனகல். “அக்கா... கால்...”

உயிரோடு இருக்கிறான்! படம் ஏற்றிவிட்டுப் பின்னால் நகர்ந்தவன் மூடியை மிதித்திருக்கிறான். போன் நொறுங்கியது, கால் மடங்கியது. அடியில் தேங்கிய மழைத்தண்ணீரை நக்கிக்கொண்டு இரண்டு நாளாகக் கிடந்திருக்கிறான்.

“கபிலா, கயிறு! கயிற்றைக் கொடுடா!”

கயிற்றின் ஒரு முனை கபிலனின் இடுப்பில் இருந்தது, மறுமுனை ஏணித் தலைப்பில். கைப்பிடிக்கு வெளியே சாய்ந்து நின்று அவன் படம் எடுத்துக்கொண்டிருந்தான். “குரல் வருதில்லக்கா, ஒண்ணும் ஆகாது. இந்த வெளிச்சம் இப்போ போயிரும். இதோ, முடிஞ்சிருச்சு.”

“டேய், என் தம்பிடா!”

“எங்களுக்கும் ஃபிரண்டுதான்” என்றான், கண்ணைக் கேமராவிலிருந்து எடுக்காமல்.

அவள் மதாரின் சட்டையைப் பிடித்து உலுக்கினாள். மதார் அழுதே விட்டான். அழுதுகொண்டே உளறினான். “நேத்தே வந்திருக்கணும்க்கா. நேத்து காலையிலேயே இடம் தெரிஞ்சிருச்சு. மூட்டமா இருந்துச்சுன்னு கபிலன்தான் வேணாம்னான்.” சொல்லிவிட்டு, பாவி, அவனும் ஒரே ஒரு படம் எடுத்துக்கொண்டான்.

ஜெசிந்தா அதற்குமேல் கெஞ்சவில்லை. 108-க்குப் போன் போட்டு ஆலையின் அடையாளம் சொன்னாள். தன் தண்ணீர் பாட்டிலைத் துப்பட்டாவில் கட்டி உள்ளே விட்டாள்; எட்டவில்லை. “தள்ளிப் படுத்துக்கோ, போடுறேன்!” என்று கத்திவிட்டுத் தூக்கிப் போட்டாள். வெளிச்சம் தீர்ந்த பிறகு கபிலன் கயிற்றை அவிழ்த்துக்கொண்டு வந்து, “இப்போ சொல்லுங்கக்கா, என்ன பண்ணணும்?” என்றான். அதற்குள் கீழே தீயணைப்பு வண்டி வந்து நின்றது.

ரூபனைத் தூக்கிவந்துவிட்டார்கள். கூட்டம் கைதட்டியது. ஆஸ்பத்திரியில் ஒரு காலை முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். “நேத்து கொண்டு வந்திருந்தா காலைக் காப்பாத்தியிருக்கலாம்மா” என்றார் டாக்டர்.

கபிலனின் படத்தை ஊரே பகிர்ந்தது. இடது வலதாக மாற்றித்தான் போட்டிருந்தான், அதில் குறையே வைக்கவில்லை. தீயணைப்புப் படைக்கே தெரிந்துவிட்ட இடத்துக்கு எதற்கு ஒளிவுமறைவு என்று அவனிடம் யார் கேட்பது?

ரூபன் உட்காரும் அளவுக்குத் தேறியதும் ஜெசிந்தா எல்லாவற்றையும் அவனிடம் கொட்டினாள். படம் திருப்பியது, போலீஸிடம் மறைத்தது, மூட்டம், கயிறு, ஒன்றையும் விடவில்லை. மறுநாள் கபிலன் ஆரஞ்சுப் பழங்களோடு வந்து கட்டிலருகே தயங்கி நின்றான்.

“போனைக் குடு” என்றான் ரூபன்.

வாங்கிப் படத்தை விரலால் பெரிதாக்கி, மூலை மூலையாகப் பார்த்தான். இதோ கபிலன் மூஞ்சியிலேயே விட்டெறியப் போகிறான் என்று ஜெசிந்தா காத்திருந்தாள்.

“என்னுதைவிட நல்லா வந்திருக்குடா” என்றான் ரூபன்.

“டேய், இவன் முந்தின நாளே வந்திருந்தா உனக்குக் கால் இருந்திருக்கும்டா!”

“மூட்டத்துல வந்து என்னக்கா கிடைக்கும்? நானா இருந்தாலும் வெளிச்சம் வரட்டும்னுதான் இருந்திருப்பேன்.”

கபிலன் மூச்சுவிட்டுச் சிரித்தான். ரூபனும் சிரித்தான். ஜெசிந்தா ஆற்றிக்கொண்டிருந்த கஞ்சி டம்ளரைக் கபிலன் கையில் கொடுத்தாள், கைப்பையை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டாள்.

“அக்கா, எங்க போற? சாயங்காலம் கட்டு மாத்த வருவாங்க, யாராச்சும் பக்கத்துல இருக்கணுமே!”

“இவன் இருப்பான். மழை மூட்டம் இல்லாம இருந்தா” என்றாள் ஜெசிந்தா. செருப்பை மாட்டிக்கொண்டு படியிறங்கிப் போய்விட்டாள்.