ஒழுகாத குழாய்

எங்கேயும் ஒழுகவில்லை. அதுதான் அவனுக்குப் பிடிபடவில்லை.

டிஷ்யூ பேப்பரை நாலாக மடித்து ஒவ்வொரு இணைப்பின் அடியிலும் ஒற்றி எடுத்தான். மீன் தொட்டியின் அடிக் கண்ணாடியில் துளை போட்டு மாட்டிய டேங்க் நிப்பிள் என்ற இணைப்புத் துண்டு, அதற்குக் கீழே எல்போ வளைவு, அங்கிருந்து அலமாரிக்குள் இருந்த கீழ்த்தொட்டிக்கு இறங்கும் வெள்ளைக் குழாய். பேப்பர் எல்லா இடத்திலும் காய்ந்தபடியே வந்தது. தரையில் விரித்திருந்த செய்தித்தாளிலும் ஒரு சொட்டு ஈரமில்லை. ஆனால் காலையில் கீழ்த்தொட்டியின் கண்ணாடியில் அவன் பேனாவால் போட்ட கோட்டுக்கு ஒரு விரற்கடை கீழே நின்றது தண்ணீர்.

மேல்தொட்டிக்குள் ஒரு குழாய் நிமிர்ந்து நிற்கிறது. தண்ணீர் அதன் வாய் வரை ஏறினால் உள்ளே வழிந்து கீழ்த்தொட்டிக்கு இறங்கும். கீழே இருக்கிற மோட்டார் அதைத் திரும்ப மேலே தள்ளும். போன தண்ணீர்தான் வருகிறது, வந்த தண்ணீர்தான் போகிறது. குறைவதற்கு இதில் வழியே இல்லை.

அவன் அச்சகத்தில் பிழை திருத்துகிறவன். நாள் முழுக்கப் பிறர் எழுத்தில் கொம்பும் காலும் விட்டுப்போன இடத்தைத் தேடுவதுதான் வேலை. இல்லாத பிழையைக்கூட இவன் கண்டுபிடித்துவிடுவான் என்று அச்சகத்தில் கேலி பேசுவார்கள். அப்படிப்பட்டவன் நாலு ஞாயிற்றுக்கிழமையாக ஒரு குழாயிடம் தோற்றுக்கொண்டிருந்தான். முதல் வாரம் ஸ்பேனரைப் போட்டு முறுக்கியதில் வாஷர் பிதுங்கியது. அடுத்த வாரம் பசை காயுமுன் தண்ணீரைத் திறந்துவிட்டான். போன வாரம் ஒழுகியது கீழ் வீட்டுக் கூரை வரை இறங்கி, அந்த வீட்டுக்காரர் ஈரத் திட்டைப் படமெடுத்து அனுப்பிவைத்தார். தலைகீழாக நின்று தண்ணீர் குடித்துப் பார்த்தாயிற்று.

"என்ன இன்ஜினியர் சார், நிக்குதா?"

மனைவி கேட்டாள். சாப்பாட்டு மேசையில் பிள்ளைகளின் கணக்கு நோட்டுகளைப் பரப்பி உட்கார்ந்திருந்தாள். பள்ளி ஆசிரியை. வாரம் முழுக்க வகுப்பில் கத்திவிட்டு ஞாயிறு வந்தால் தொண்டை கட்டிக்கொள்ளும்.

"நிக்குது. ஒரு சொட்டு இல்ல."

"எனக்கு ஒரு கண்ணாடிக் கிண்ணம் போதும்னு அன்னைக்கே சொன்னேன். நீங்கதான் கேக்கல. பாத்ரூம் வாளியில எட்டு மீனை விட்டோம், இப்ப அஞ்சுதான் இருக்கு. இன்னைக்கும் ஒழுகிச்சுன்னா நாளைக்கே பழைய சாமான்காரரைக் கூப்பிட்டுடுவேன்."

"அதான் ஒழுகலன்னு சொல்றேன்ல."

பொய்யில்லை. ஒழுகவில்லைதான். குறைகிறது என்று மட்டும் அவன் சொல்லவில்லை. அவள் நோட்டுக்குள் குனிந்ததும் பின்கட்டிலிருந்து ஒரு வாளித் தண்ணீரைச் சத்தமில்லாமல் தூக்கி வந்து கீழ்த்தொட்டியில் கோடு வரைக்கும் ஊற்றினான்.

மழை வருவதுபோல் மூடிக்கொண்டிருந்தது. நடுப்பகலிலேயே அறைக்குள் வெளிச்சம் மங்கி, குழாய்ப் பசையின் காட்டமான வாடையும் ஈர மரத்தின் வாடையும் கலந்து மூக்கில் ஏறின. குழாய் சத்தம் போட ஆரம்பித்திருந்தது. வழிகிற தண்ணீரோடு காற்றும் இறங்கினால் அப்படித்தான் சத்தம் வரும். களக். சற்று இடைவெளி. களக். யாரோ அவசரமில்லாமல் செம்பை அண்ணாந்து குடிப்பதுபோல் இருந்தது. அவனுக்கு எரிச்சல் மண்டைக்கு ஏறியது. ஒழுகலை நிறுத்தினால் சத்தம், சத்தத்தை நிறுத்தினால் இன்னொன்று. உயிரை வாங்குகிறது.

ஒரு மணி நேரத்தில் கோட்டுக்குக் கீழே இரண்டு விரற்கடை. இன்னொரு வாளி ஊற்றினான். இன்னொன்றும்.

"காபி போட்டு அரை மணி நேரமாச்சு, ஆறிப்போச்சே. குடிக்கலையா?" என்று கேட்டான், அவளுக்கும் தொட்டிக்கும் நடுவே நின்று வாளியை மறைத்துக்கொண்டே.

"வேணாங்க. வயிறு திம்முனு இருக்கு."

"மதியம் சரியாவே சாப்பிடலையே நீ."

"அதான் எனக்கும் புரியல."

குரல் கனத்திருந்தது. தொண்டைக்குள் ஏதோ நிற்பதுபோலப் பேசினாள். தொண்டைக்கட்டு என்று விட்டுவிட்டான். டார்ச்சை எடுத்துக்கொண்டு அலமாரிக்குள் தலையை நுழைத்தான். கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு ஒவ்வொரு இணைப்பாகப் பார்த்தான். காய்ந்திருந்தது. இவ்வளவு சுத்தமான வேலையை அவன் வாழ்நாளில் செய்ததில்லை. அந்தச் சுத்தம்தான் ஆத்திரத்தைக் கிளப்பியது.

ஐந்தாவது வாளி ஊற்றும்போது அவளுக்கு விக்கல் எடுத்தது.

களக். விக். களக். விக்.

அவன் வாளியைச் சாய்த்தபடியே நின்றான். தற்செயல்தான். நாலு வாரமாகத் தூக்கம் சரியில்லை, காது எதையும் எதோடும் சேர்த்துக்கொள்ளும். அவளிடம் போய் முதுகை நீவிவிட்டான். ரவிக்கைக்கு மேலே தெரிந்த முதுகு சில்லென்றிருந்தது. நீவிய கைக்கு அடியில் ஏதோ புரண்டது. வாளியைத் தூக்கி நடந்தால் உள்ளே தண்ணீர் புரளுமே, அப்படி.

"மூச்சு... வாங்குது," என்றாள். இருமினாள். நோட்டின் மேல் தெறித்தது சளியில்லை. தெளிந்த தண்ணீர். ஒரு பிள்ளை போட்டிருந்த கூட்டல் கணக்கு நீல மையாகக் கரைந்து ஓடியது. அதிலிருந்து குளோரின் வாடையும் மெலிதாகக் குழாய்ப் பசையின் வாடையும் வந்தன.

அவனுக்கு அப்போது பயம் வந்தது. எரிச்சலெல்லாம் ஒரு நொடியில் வடிந்துபோய், அந்த இடத்தில் வெறும் பயம் மட்டும் நின்றது. ஐந்து வாளி. ஐந்தையும் அவன் கையால்தான் ஊற்றியிருந்தான். அவளுக்குத் தெரியாமல்.

ஓடிப்போய் மோட்டாரின் சுவிட்சை அணைத்தான்.

மோட்டார் நின்றால் மேல்தொட்டித் தண்ணீர் குழாயின் வாய் வரை இறங்கி நின்றுவிட வேண்டும். அதற்குக் கீழே இறங்கக் குழாய்க்குள் வழியில்லை. இறங்கியது. வாயைத் தொட்டது. நின்றது.

பிறகு மறுபடி இறங்கியது.

களக்.

குழாயின் வாய் தண்ணீருக்கு மேலே, காற்றில், காய்ந்து நின்றது. தண்ணீர் அதற்குக் கீழே குறைந்துகொண்டே போனது. கண்ணாடியில் ஈரத்தின் விளிம்பு இறங்குவது கண்ணுக்கே தெரிந்தது. பின்னால் நாற்காலி கிறீச்சிட்டது. அவள் எழுந்திருக்கப் பார்த்து, முடியாமல் திரும்ப உட்கார்ந்தாள். செருப்புக்குள் கால்கள் வீங்கி, தோல் பளபளத்தது.

கழற்ற முடியாது. எல்லா இணைப்பும் பசை போட்டு இறுகியவை. இந்த வாரம் ஒழுகவே கூடாது என்று இரட்டைப் பூச்சு பூசியிருந்தான். ஒரே வழிதான். அறுக்க வேண்டும். குழாயை அறுத்துவிட்டால் தண்ணீர் தரையில் போகும், கீழ் வீட்டுக்குப் போகும், எங்கே வேண்டுமானாலும் போகட்டும்.

ஹாக்ஸாவை எடுத்து மண்டியிட்டான். குழாயின் நடுவில் பிளேடை வைத்து இழுத்தான். வெள்ளைத் தூள் உதிர்ந்தது. இரண்டாவது இழுப்பு. மூன்றாவது. பின்னாலிருந்து மெல்ல ஒரு முனகல் கேட்டது.

"அவ்ளோதான்மா. இதோ முடிஞ்சிடும்."

வேகமாக இழுத்தான். பிளேடு குழாயின் சுவரைத் தாண்டி உள்ளே இறங்கியது. மயிரிழை அளவு வெட்டு. அதன் விளிம்பில் ஒரு சொட்டு திரண்டது.

"ஏங்க..." குரலில் தண்ணீர் களகளத்தது. "மெதுவா. வலிக்குது."

திரும்பினான்.

அவள் கழுத்தின் இடப்பக்கம் ஒரு கோடு. அளவுகோல் வைத்துக் கிழித்ததுபோல் நேராக. இரத்தம் இல்லை. கோட்டின் நடுவில் ஒரு தெளிந்த சொட்டு திரண்டு, உடைந்து, தோளில் இறங்கியது. இன்னொன்று. அதன் பின்னால் ஒரு மெல்லிய கம்பியாகவே இறங்க ஆரம்பித்தது.

ஹாக்ஸா கையிலிருந்து விழுந்தது. குழாயின் வெட்டை இரண்டு உள்ளங்கைகளாலும் சுற்றி இறுக்கிப் பிடித்தான்.

கழுத்தில் ஒழுகல் நின்றது.

கையை ஒரு நூல் தளர்த்தினான். சொட்டியது. இறுக்கினான். நின்றது.

தொலைபேசி மேசையில். ஒட்டுகிற டேப் ஜன்னலோரம். எல்லாம் பத்தடிக்குள். ஒன்றும் எட்டாது.

உள்ளங்கைகளுக்கு நடுவே குழாய் உடம்பின் சூட்டில் இருந்தது. அதற்குள் ஒரு மிடறு நகர்ந்தது. அவன் கைகளைத் தாண்டி மெதுவாகக் கீழே போனது. எதிரே அவள் தொண்டை ஒருமுறை ஏறி இறங்கியது.

மேல்தொட்டியில் தண்ணீர் இன்னும் பாதி இருந்தது.

அவள் அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள். கண்களின் வெள்ளை முழுக்க நீர் கட்டியிருந்தது. இரண்டு கைகளாலும் தன் வாயைப் பொத்தியிருந்தாள். கன்னங்கள் இரண்டும் உப்பி, விரலிடுக்கு ஒவ்வொன்றிலும் தண்ணீர் பளபளத்தது.