மன்னித்தவள் நான் இல்லை

காலை உணவுக்கு முன்பே ஜெனோவா தன் பதிலியைப் பிரித்து அனுப்பிவிடுவாள். ஒன்று குடிநீர் வாரியக் கூட்டத்துக்கு. இன்னொன்று, தினமும் அழைத்து ஒரே கதையைச் சொல்லும் பெரியம்மாவுக்கு. செவ்வாய்க்கிழமைகளில் மட்டும் மூன்றாவதாக ஒன்று, தம்பதிகளின் பிணக்கைத் தீர்க்கும் இணக்க மையத்துக்கு. திரையில் தோன்றிப் பேசும் அந்தக் கணினிப் பதிலிக்கு அவள் குரல் உண்டு, முகம் உண்டு. அவள் இதுவரை பேசியதும் எழுதியதும் அதற்குத் தெரியும். அது போன இடத்துக்கு அவள் போனதாகவே சட்டம் எடுத்துக்கொள்ளும். அது ஒப்புக்கொண்டால் அவள் ஒப்புக்கொண்டதாகும். தூத்துக்குடித் துறைமுகக் குடியிருப்பில் எல்லோரும் இப்படித்தான் வாழ்ந்தார்கள். மிச்சமாகும் நேரத்தில் அவள் ஆய்வகத்தில் கடற்பாசி வளர்த்தாள்.

அந்தச் செவ்வாய்க்கிழமை சாப்பிட உட்கார்ந்தபோது கைப்பேசி ஒளிர்ந்தது. இணக்க மையத்தின் செய்தி. உங்கள் பிணக்கு தீர்ந்தது, வாழ்த்துகள் என்றிருந்தது. கூடவே ஒரு பெட்டி மக்ரூன் இனிப்பு வாசலுக்கு வந்திருந்தது. நான்காம் அமர்வில் மனைவி கணவனை மன்னித்தார் என்று சுருக்கத்தில் ஒரு வரி. அவள் அதை இரண்டு முறை படித்தாள்.

எதிரே அவள் கணவன் ரெக்ஸ் மெல்லுவதை நிறுத்தியிருந்தான். அவனுக்கும் அதே செய்தி வந்திருக்க வேண்டும். பல மாதங்களாக அவர்களுக்குள் சாவி, தண்ணீர், உப்பு என்ற அளவில்தான் பேச்சு.

"நான் உன்ன மன்னிச்சிட்டேனாம்" என்றாள்.

"பாத்தேன்."

"எனக்கே தெரியல."

"நல்ல விஷயந்தானட்டி" என்றான் அவன், தட்டைப் பார்த்தபடி.

"அப்ப அதுகூடயே போய்க் குடும்பம் நடத்து."

பல மாதங்களுக்கு முன், கர்ப்பத்தின் ஐந்தாம் மாதத்தில் அவர்களுடைய குழந்தை தங்கவில்லை. மருத்துவமனையில் ஜெனோவா படுத்திருந்தபோது, படுக்கையருகே இருந்த திரையில் ரெக்ஸின் பதிலிதான் வந்தது. ஆலையில் வேலையை விட்டு வர முடியவில்லை என்று வருந்தியது. நன்றாகப் பேசியது. பேசக்கூடாத இடத்தில் பேசாமல் இருந்தது. உங்க வீட்டுக்காரர் எவ்வளவு தன்மையானவர் என்று செவிலி வியந்தாள். ஜெனோவா திரையைச் சுவர்ப்பக்கம் திருப்பி வைத்தாள். வீடு திரும்பும்போது கொடுத்த அறிக்கையில், கணவர் உடனிருந்தார் என்று பதிவாகியிருந்தது. சட்டப்படி அதில் பிழையில்லை.

மாலைக்குள் நேரில் போய் மறுக்காவிட்டால் இணக்கம் உறுதியாகிவிடும். மறுத்தால், பிணக்கு தீராத தம்பதி என்று குடும்ப வீட்டைத் திரும்ப வாங்கிக்கொண்டு இருவரையும் தனித்தனி விடுதிகளுக்கு அனுப்பிவிடுவார்கள். அதனால் யாரும் மறுப்பதில்லை. ரெக்ஸ் இதை நினைவுபடுத்தினான். அவள் செருப்பை மாட்டிக்கொண்டிருந்தாள்.

"வீடு போனா போகட்டும். நான் சொல்லாதத சொன்னேன்னு எழுதி வச்சா விட்டுருவேனா? வர்றதுன்னா நீ வா. அத அனுப்பாத."

அவன் தட்டை நகர்த்திவிட்டு எழுந்தான். பிறகு அவனும் செருப்பைத் தேடினான்.

இணக்க மையத்தின் ஆலோசகர் சங்கரவடிவு தனியாக ஓர் அறையில் உட்கார்ந்திருந்தார். சுவர் முழுக்கச் சிறு விளக்குகள். ஒவ்வொன்றும் ஒரு தம்பதி. பதிலிகள் உள்ளே தமக்குள் பேசிக்கொள்ளும், ஒரு மணி நேரப் பேச்சு சில நொடிகளில் முடியும், மஞ்சள் விளக்கு பச்சையாகும். தம்பதிகள் நேரில் வந்து ஆண்டுகள் ஆகிவிட்டதால் அங்கே அவர்களுக்கு நாற்காலி இல்லை. சங்கரவடிவே சிற்றுண்டிக் கூடத்திலிருந்து இரண்டு பிளாஸ்டிக் நாற்காலிகளை இழுத்து வந்தார்.

பதிலிகள் குறுக்கே பேசாது, வசை பேசாது, கேட்டதைத் திருப்பிச் சொல்லிவிட்டே பதில் சொல்லும் என்று அவர் விளக்கினார். மனிதர்களால் அந்த ஒழுங்கில் பேச முடியாதாம்.

"நீங்க படிச்சது இந்த விளக்குகளப் பாக்கத்தானா மேடம்?" என்று கேட்டாள் ஜெனோவா. கேட்ட பிறகு அவளுக்கே கூச்சமாக இருந்தது. ஆனாலும் கேள்வியைத் திரும்பப் பெறவில்லை.

சங்கரவடிவு சுவரைத் திரும்பிப் பார்த்தார். "இல்லம்மா" என்றார். எழுந்துபோய்ச் சுவரின் மின்விசையை அணைத்தார். எல்லா விளக்குகளும் அவிந்தன.

முதலில் ரெக்ஸ் பேசினான். ஆலையில் அன்று ஆள் குறைவு, நான் வந்திருக்க வேண்டும், மன்னிப்புக் கேட்கிறேன் என்று ஆலோசகரிடம் சொன்னான்.

"எங்கிட்ட சொல்லாதீங்க தம்பி. அவங்களப் பாத்துச் சொல்லுங்க."

அவன் நாற்காலியைத் திருப்பினான். திரும்பிய பிறகு அந்தச் சொற்கள் வரவில்லை. உதவிக்கு வந்து ஒரு சொல் எடுத்துக்கொடுக்க அங்கே எதுவும் இல்லை.

"நான் அன்னிக்கு ஆலைக்குப் போகல" என்றான். "ஆஸ்பத்திரிலதான் இருந்தேன். கீழ, வண்டி நிறுத்துற எடத்துல."

ஜெனோவா நாற்காலியின் விளிம்புக்கு நகர்ந்தாள்.

"பதிலிக்கு இது தெரியாது. வேலைல இருக்கேன்னு அதுகிட்டயே பொய் சொல்லித்தான் மேல அனுப்பினேன்."

அவள் எதையோ சொல்ல வந்தாள். சங்கரவடிவு கையை உயர்த்தினார். பதில் வேண்டாம், கேட்டதை மட்டும் முதலில் சொல்லிப் பார்க்கச் சொன்னார்.

"நீ கீழ நின்ன." அவள் குரல் உடைந்தது. மறுபடி ஆரம்பித்தாள். "நான் மேல கெடந்தேன். நீ கீழ நின்ன."

"லிஃப்ட் வரைக்கும் வந்தேன். திரும்பிட்டேன். உன் மொகத்தப் பாத்தா புள்ள நெசமாவே இல்லன்னு ஆயிருமோன்னு இருந்துச்சு."

"கோழை."

பதிலிகளுக்கு அனுமதிக்கப்படாத சொல் அது. ரெக்ஸ் தலையசைத்தான். "ஆமா" என்றான். இருவரும் ஒரே நேரத்தில் அழத் தொடங்கினார்கள். யாரும் யாரையும் தேற்றவில்லை. வேலையைக் காரணம் சொன்னவனைத்தான் அவளுடைய பதிலி மன்னித்திருந்தது. இவனை அதற்குத் தெரியாது. இத்தனை மாதம் அவளுக்கும் தெரியாது.

நெடுநேரம் கழித்து சங்கரவடிவு, விதிப்படி கேட்க வேண்டிய கேள்வியைக் கேட்டார். பதிலிகள் செய்த இணக்கத்தை ஏற்கிறீர்களா?

"இல்ல" என்றாள் ஜெனோவா. ரெக்ஸும் அதையே சொன்னான்.

"வேற வேற விடுதிக்கு மாத்திருவாங்கம்மா. தெரியும்ல?"

"மாத்தட்டும் மேடம். நான் இன்னும் மன்னிக்கல. மன்னிக்கணுமான்னே தெரியல. ஆனா அத நாங்கதான் பேசி முடிக்கணும். அடுத்த செவ்வாய்க்கிழமை வர்றோம்."

"பேசுறதுக்கு அதுவரைக்கும் பொறுக்கணுமா?" என்றான் ரெக்ஸ்.

வெளியே வெயில் உறைத்தது. கடற்கரைச் சாலையில் அவள் கேட்டுக்கொண்டே நடந்தாள். எந்தத் தூணுக்குப் பக்கத்தில் நின்றான், யாராவது பார்த்தார்களா, எதற்காகத் திரும்பினான், எப்படி முடிந்தது அவனால். அவன் சொல்லச் சொல்ல அவள் குரல் உயர்ந்தது. ஒரு கட்டத்தில் அவன் குரலும். எதிரே வந்தவர்கள் ஒதுங்கி நின்று பார்த்தார்கள். கணவனும் மனைவியும் தங்கள் சொந்த வாயால் சண்டை போடுவதை அந்த ஊர் பார்த்து வெகுகாலம் ஆகியிருந்தது. ஜெனோவாவுக்குக் கூச்சம் வரவில்லை. அவள் நின்று கத்தினாள். அவள் நின்ற இடத்தில் அவனும் நின்றான்.