கத்தரிக்கோல் கூரை

அது எந்தத் தேர்தல் என்று இப்போது உறுதியாகச் சொல்ல முடியவில்லை. போருக்குப் பிறகு ஊருக்குத் திரும்பி வந்த இரண்டாம் வருடமா, மூன்றாம் வருடமா என்பதிலும் சந்தேகம்தான். ஆனால் உயிலங்குளத்தில் இருந்த ஹம்சிகா வீட்டுக் கூரை நன்றாக நினைவிருக்கிறது. அந்தத் தகரத்தில் பதினொரு ஓட்டைகள் இருந்தன.

ஹம்சிகாவுக்கு அப்போது பத்து வயது. ஊரில் நேரம் காட்டும் மணிக்கூடு, கத்தரிக்கோல் என்று இரண்டு கட்சிச் சின்னங்களுக்கு இடையே போட்டி.

"என்ர அப்பரும் மணிக்கூடு, நானும் மணிக்கூடு" என்று நெஞ்சைத் தட்டுவார் பக்கத்து வளவுச் சீவரத்தினம் மாமா.

"வாய்க்காலைத் துப்புரவாக்கித் தாறவைக்குத்தான் என்ர வோட்டு" என்பார் ஹம்சிகாவின் அம்மா.

அப்பா மட்டும் யார் கேட்டாலும் "பாப்பம்" என்பார். அகதி முகாமில் இருந்த நாட்களில் பழகிய சொல் அது.

ஒருநாள் கூட்டம் முடிந்ததும் கத்தரிக்கோல்காரர்கள் தங்கள் சின்னம் வரைந்த பெரிய பிளாஸ்டிக் பதாகையைக் கழற்றினார்கள். "அண்ணை, வேணுமே?" என்று அப்பாவிடம் கேட்டார்கள். அப்பா அதைக் கொண்டுவந்து கூரையில் விரித்து, மேலே கற்களை வைத்தார்.

"படத்தை உள்பக்கம் விடுவமே அப்பா?" என்றாள் ஹம்சிகா.

"வழுவழுப்பான பக்கம் மேல இருந்தால்தான் தண்ணி வழியும், பிள்ளை."

மறுநாள் காலை சீவரத்தினம் மாமா வேலியருகே நின்று கூரையைப் பார்த்தார். முகத்தைத் திருப்பிக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

ஊரில் இருந்த ஒரே உழவு இயந்திரம் அவருடையது. வியாழக்கிழமை ஹம்சிகா வீட்டு வயலை உழுவதாகச் சொல்லியிருந்தார். வியாழக்கிழமை அது வந்தது. வயலைத் தாண்டி அடுத்தவர் வயலுக்குப் போனது. அப்பா வரம்பில் நின்று பார்த்துக்கொண்டே இருந்தார்.

"போய்க் கேளுங்கோவன்" என்றார் அம்மா.

"முகம் குடுத்தால்தானே கேக்கலாம்."

பெருமழை பிடித்தால் உழவு இயந்திரம் சேற்றில் புதைந்துவிடும். ஊர் திரும்பிய பிறகு அவர்கள் விதைக்கப்போகும் முதல் வயல் அது.

சனிக்கிழமை அப்பாவும் அம்மாவும் நானாட்டான் சந்தைக்குப் போயிருந்தார்கள். மதியம் வானம் திடீரெனக் கறுத்தது.

"ஆராவது ஓடி வாங்கோ!"

சீவரத்தினம் மாமாவின் மனைவி மனோன்மணி மாமியின் குரல். ஹம்சிகா ஓடினாள். முற்றத்தில் எட்டு மூட்டை விதைநெல். மாமா உழவுக்குப் போயிருந்தார். மாமிக்கு முழங்கால் வருத்தம், பாரம் தூக்க முடியாது.

ஹம்சிகா ஒரு மூட்டையைப் பிடித்து இழுத்தாள். அது அசையவே இல்லை.

"நனைஞ்சால் முளைச்சுப் போயிடும், பிள்ளை!" மாமி அழுதுவிடுவார் போலிருந்தது.

ஹம்சிகா தன் வீட்டுக் கூரையைப் பார்த்தாள். ஓடிப்போய்த் தண்ணீர்ப் பீப்பாயில் ஏறி, கற்களைத் தள்ளிவிட்டுப் பதாகையை உருவினாள்.

மழையில் தெப்பமாக நனைந்தபடி வீடு வந்த சீவரத்தினம் மாமா, வாசலிலேயே நின்றுவிட்டார். அவருடைய மூட்டைகளின் மேல் ஒரு பெரிய கத்தரிக்கோல்! அது பறக்காமல் ஒரு மூலையில் ஹம்சிகாவும் மறு மூலையில் மாமியும் குந்தியிருந்தார்கள்.

"இதை ஆர் கொண்டந்தது?"

"நான்தான் மாமா."

"அப்ப உங்கட வீடு?"

"ஒழுகும். வாளி வைச்சிட்டு வந்தனான்."

மாமா வேலிக்கு அப்பால் வெறுந்தகரமாக நனையும் கூரையைப் பார்த்தார்.

"உன்ர அப்பர் கத்தரிக்கோல் கட்சி எண்டெல்லோ நான் நினைச்சன்..."

"அது கட்சி இல்லை மாமா. அது கூரை."

"உங்கட மணிக்கூடு வந்து மூடேல்லை" என்று மாமி சத்தம் போட்டார். "நிண்டு யோசியாமல் அந்த மூலையைப் பிடியுங்கோ!"

மாமா ஓடிவந்து பிடித்தார். ஒரு மூட்டைக்குள் கையை விட்டுப் பார்த்தார். நெல் காய்ந்தே இருந்தது. அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

மழை விட்டதும் பதாகையைச் சுருட்டி எடுத்துக்கொண்டு அவரே வந்தார். அப்பாவும் அப்போதுதான் திரும்பியிருந்தார்.

"தம்பி, நாளைக்குக் காலமை உங்கட வயலுக்கு வாறன்."

"மழை பெய்திட்டுதே அண்ணை?"

"இதெல்லாம் ஒரு மழையே? நிலம் தாங்கும்."

அப்பா பெரிதாக மூச்சு விட்டார். அம்மா தேத்தண்ணி ஊற்ற ஓடினார்.

மாமா கூரையில் ஏறிப் பதாகையை விரித்தார்.

"படத்தை உள்பக்கம் விடலாம் மாமா" என்றாள் ஹம்சிகா.

"சும்மா இரு பிள்ளை. வழுவழுப்பான பக்கமெல்லோ மேல வரவேணும்!"

மறுநாள் வயல் உழுதாகிவிட்டது. அந்த வருடம் விளைச்சல் நன்றாக இருந்தது. மாமா மணிக்கூட்டுக்கே வாக்களித்தார். அம்மாவின் வாய்க்காலை எந்தக் கட்சியும் துப்புரவாக்கவில்லை. ஊரே சேர்ந்து துப்புரவாக்கியது. அப்பா யாருக்கு வாக்களித்தார் என்று எவருக்கும் தெரியாது. பிறகு ஹம்சிகா வீட்டாருக்கு ஓடு வேய்ந்த வீடு கிடைத்தது. பதாகை மாமியின் கோழிக்கூட்டுக்குப் போனது. ஹம்சிகாவுக்கும் இப்போது வாக்கு உண்டு. யாருக்குப் போடுவாய் என்று கேட்டால் அவளும் சிரித்துக்கொண்டே "பாப்பம்" என்கிறாள்.